தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியில் வீட்டு வேலை செய்த பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்கா என்றதும் மண்டேலா, ராபன் தீவு, சோவெட்டோ மாணவர்கள் என்று பேச்சு போகும். காலையில் அடுப்பு மூட்டி, வெள்ளைக்காரக் குழந்தையைக் குளிப்பாட்டி, ராத்திரி கடைசிப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுக் கொல்லைப்புற அறைக்குப் போய்ப் படுத்த பெண்கள் அந்தப் பேச்சில் அநேகமாக வருவதில்லை. இவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

1948-ல் வெள்ளையர்களின் நேஷனல் கட்சி நிறவெறிக் கொள்கையோடு ஆட்சிக்கு வந்ததிலிருந்து 1994-ல் எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் வரை. ஆனால் வேர் அதற்கும் முன்னால் போகிறது. 1913-ல் வந்த நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தைத்தான் கறுப்பின மக்களுக்கு என்று ஒதுக்கியது, 1936-ல் அதை 13 சதவீதம் அளவுக்கு உயர்த்தினார்கள். நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு அவ்வளவுதான். அந்த நிலத்தில் விளைவதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, வரி கட்ட முடியாது. முதலில் ஆண்கள் சுரங்கத்துக்குப் போனார்கள், அப்புறம் பெண்கள் நகரத்துச் சமையலறைகளுக்குப் போனார்கள்.

வீட்டு வேலைக்கு ஆரம்பத்திலிருந்தே பெண்கள்தானா?

இல்லை, இது பலருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்குக் கடலோரப் பகுதியான நேட்டாலிலும் ஜோகன்னஸ்பர்கிலும் வீட்டு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஜோகன்னஸ்பர்கில் துணி துவைத்ததுகூட ஜுலு ஆண்கள்தான், அமாவாஷா என்று அவர்களுக்குப் பெயர், கிட்டத்தட்ட ஒரு தொழில் சங்கம் மாதிரி கட்டுப்பாடாக இயங்கினார்கள். நேட்டாலில் 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் எல்லோரும் கரும்புத் தோட்டத்துக்கே போகவில்லை. சிலரைச் சமையல்காரர்களாகவும் பரிமாறுபவர்களாகவும் வீடுகளிலும் விடுதிகளிலும் வைத்துக்கொண்டார்கள், அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். சுரங்கமும் தொழிற்சாலையும் ஆண்களை இழுத்துக்கொள்ள, 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வீட்டு வேலை கறுப்பினப் பெண்ணின் வேலை என்று ஆகிவிட்டது. வயது வந்த ஆணைப் 'பையன்' என்று கூப்பிட்ட அதே வாய், பாட்டி வயதுப் பெண்ணைப் 'பெண்ணே' என்று, அதாவது சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டது.

வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக வாழ வேண்டும் என்றுதானே சட்டம்? அப்படியென்றால் அவர்கள் எப்படி வெள்ளையர் வீட்டு வளாகத்திலேயே தங்கினார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். 1950-ல் வந்த குழுப்பகுதிகள் சட்டம் ஊரை நிறவாரியாகப் பிரித்தது. இந்தத் தெரு வெள்ளையருக்கு, அந்தப் பகுதி இந்தியருக்கு, ஊருக்கு வெளியே அந்தப் பொட்டல் கறுப்பருக்கு என்று கோடு போட்டார்கள். கோட்டுக்குத் தவறான பக்கம் இருந்தவர்களை லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். ஆனால் வெள்ளையர் வீட்டில் தரை துடைக்க, துணி துவைக்க, குழந்தை வளர்க்க ஆள் வேண்டுமே. அதற்காகச் சட்டத்திலேயே ஒரு சந்து வைத்தார்கள். வேலைக்காக என்றால் இருக்கலாம், வேலை போனால் அன்றோடு உரிமையும் போச்சு.

நகர்ப்பகுதிகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 1952-ல் திருத்தியபடி, ஒரு கறுப்பினத்தவர் 72 மணி நேரத்துக்கு மேல் நகரத்தில் தங்கக் கூடாது என்றது. விலக்கு யாருக்கு? அந்த ஊரிலேயே பிறந்து தொடர்ந்து அங்கேயே வாழ்ந்தவருக்கு, ஒரே முதலாளியிடம் 10 ஆண்டு இடைவிடாமல் வேலை செய்தவருக்கு, அல்லது வெவ்வேறு முதலாளிகளிடம் 15 ஆண்டு வேலை செய்து அங்கேயே இருந்தவருக்கு. இது எதுவும் இல்லாதவருக்கு வேலை இருக்கும் வரைக்குமான அனுமதி மட்டும். கிராமத்திலிருந்து வந்த பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். எட்டு வருஷம் ஒரு வீட்டில் உழைத்தாகிவிட்டது, மேடம் கேவலமாக நடத்துகிறார், வேறு வீடு பார்க்கலாம் என்று தோன்றுகிறது. போனால் அந்த எட்டு வருஷமும் பத்து வருஷக் கணக்கில் சேராது. ஒரே இடத்தில் கிடந்தால்தான் ஊரில் இருக்க உரிமை என்பதால், அடி வாங்கிக்கொண்டும் அங்கேயே கிடந்தவர்கள் ஏராளம்.

ஆக, நிறவெறி ஆட்சி இந்தப் பெண்களை வெளியே தள்ளவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டது. அங்கே வாழ்வதற்கான உரிமையை மட்டும் கொடுக்கவில்லை.

பாஸ் புத்தகம் என்கிறார்களே, அது என்ன?

அடையாளப் புத்தகம். போட்டோ, கைரேகை, எந்த இனக்குழு, எங்கே வேலை, எந்த ஊரில் இருக்க அனுமதி, எல்லாம் அதில் இருக்கும். வேலை கொடுத்தவர் அதில் மாதாமாதம் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்த 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே பாஸ்களை ஒழிக்கும் சட்டம் என்று தொடங்கும், அந்தப் பெயரைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. மக்கள் அதை டோம்பாஸ் என்றார்கள், மடத்தனமான பாஸ் என்று அர்த்தம். போலீஸ் எங்கே நிறுத்திக் கேட்டாலும் காட்ட வேண்டும், மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்தால் லாக்கப்.

ஆண்களுக்கு இந்தக் கொடுமை முன்பே இருந்தது. பெண்களுக்கு 1956-லிருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள், 1963 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், அவர் ஊரில் இருக்கலாமா வேண்டாமா என்பது எஜமானியின் பேனாவில் இருந்தது. அரசாங்க அலுவலகமும் சமையலறையும் ஒன்றாகிவிட்டன.

தங்கிய அறை எப்படி இருந்தது?

வீட்டோடு ஒட்டாமல் கொல்லைப்புறத்தில், பெரும்பாலும் கராஜுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு பெட்டி வைக்க இடம். கழிப்பறையும் தனியாக வெளியே. வீடு என்ற அர்த்தம் வரும் காயா என்ற சொல்லால் அந்த அறையைக் குறிப்பிட்டார்கள். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருப்பார்கள், டொகொலோஷே என்ற குட்டிப் பிசாசுக்கு எட்டாமல் இருக்க என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்க இடம் கிடைத்தது என்பதும் உண்மை.

ஜோகன்னஸ்பர்கின் அடுக்குமாடிக் கட்டடங்களில் கொல்லைப்புறம் ஏது? மொட்டை மாடியில் வரிசையாக அறைகள் கட்டி வேலையாட்களைத் தங்க வைத்தார்கள். வெள்ளையர் பகுதியின் தலைக்கு மேலேயே கறுப்பர் குடியிருப்பா என்று அதற்கும் கூச்சல் கிளம்பியது. 'வானத்துச் சேரிகள்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்து, 1955-ல் சட்டம் திருத்தி, மொட்டை மாடியில் தங்குபவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பலரை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். அவர்கள் அதற்குப் பிறகு விடியும் முன்னே பஸ் பிடித்து வந்து அதே டீயைப் போட்டுக் கொடுத்தார்கள்.

கணவனும் பிள்ளைகளும் எங்கே இருந்தார்கள்?

அந்த அறையில் அவர்களுக்கு இடமில்லை. அனுமதி அந்தப் பெண்ணுக்கு மட்டும். கணவன் ஓர் இரவு வந்து தங்கினால்கூடக் குற்றம், ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு போலீஸ் கதவைத் தட்டும். பால் குடிக்கிற குழந்தையைக் கொஞ்ச நாள் ஒளித்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு, அழுதால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தோடு. பெரும்பாலும் பிள்ளைகள் கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தார்கள். அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் சமயத்திலோ அது முடிந்த பிறகோ, ரயிலிலும் பஸ்ஸிலுமாக வந்து போவார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மேடம் வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள், அன்று லீவு கேட்க முடியாது.

தன் குழந்தையை விட்டுவிட்டு இன்னொருவர் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தாலாட்டுகிற பெண். அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி தபால் ஆபீஸ் வழியாக ஊருக்குப் போகும், அதில்தான் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத் துணியும் மக்காச்சோள மாவும். இதைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

படித்து வேறு வேலைக்குப் போயிருக்கக் கூடாதா?

1953-ல் பாண்டு கல்விச் சட்டம் வந்தது, பாண்டு என்பது கறுப்பின மக்களுக்கு அரசு வைத்த பெயர். அதைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வூர்ட், வெள்ளையர் சமூகத்தில் சில வகை உழைப்புக்கு மேல் கறுப்பருக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். எந்த வேலைக்கு அனுமதி உண்டோ அதற்கு வேண்டிய அளவு படிப்புப் போதும் என்பதுதான் கொள்கை. நன்றாகப் படித்த பெண்ணுக்கு ஆசிரியையாக அல்லது நர்ஸாக ஒரு வழி இருந்தது, அந்த வழி மிகவும் குறுகல். மற்றவர்களுக்குப் பண்ணை வேலை அல்லது சமையலறை. கிராமத்தில் இருந்தே வேலை தேட நகரத்துக்கு வரவே தடை இருக்கும்போது 'வேறு வேலை' என்பது எங்கிருந்து வரும்?

சம்பளம் எவ்வளவு?

மேடம் கொடுப்பதுதான் சம்பளம். குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று கிடையாது. கூலியைத் தீர்மானிக்கும் சட்டம், தொழில் தகராறுச் சட்டம், வேலையில்லாக் காலக் காப்பீடு, வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் 1941-ஆம் ஆண்டுச் சட்டம், எதிலுமே வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்க்கவில்லை. சேர்த்த சட்டம் ஒன்று உண்டு, எஜமானர் வேலையாள் சட்டம். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால், பேச்சுக் கேட்கவில்லை என்றால், அது கிரிமினல் குற்றம் என்றது அது. 1974 வரை உயிரோடு இருந்தது.

1970-களின் கடைசியில் கிழக்குக் கேப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வில் சராசரி மாதச் சம்பளம் 23 ராண்டு (தென்னாப்பிரிக்க நாணயம்) அளவில்தான் வந்தது. சம்பளத்தோடு சாப்பாடும் பழைய துணியும் உண்டே என்பார்கள். அந்தச் சாப்பாட்டில் வேலையாளுக்கென்று கசாப்புக் கடையில் தனியாக மலிவான இறைச்சி விற்றார்கள், நாய்க்கு வாங்குகிற இறைச்சியோடு சேர்த்து ஒரே பையில் வாங்கிப் போகிற ரகம்.

வேலை நேரம்? எழுந்ததும் மேடத்துக்குப் படுக்கைக்கே டீ, அதிலிருந்து இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிக்கும் வரை. நடுவில் மதியம் ஓர் இடைவேளை கிடைக்கலாம். வாரத்தில் வியாழக்கிழமை பிற்பகல் ஓய்வு, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. வியாழன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருவேன்.

எல்லா வெள்ளைக்காரர்களும் அப்படியா? 'எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி வைத்திருந்தோம்' என்று சொல்கிறவர்கள் உண்டே?

உண்டு. அன்பான எஜமானிகளும் இருந்தார்கள், வேலை செய்த பெண்ணின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர்கள், போலீஸ் வந்தால் கதவைத் திறக்காமல் வாசலிலேயே வாதாடியவர்கள். அந்த அன்பைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'குடும்பத்தில் ஒருத்தி' என்று சொல்கிறவர்களிடம் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். அவர் எந்தக் கோப்பையில் டீ குடித்தார்? பெரும்பாலான வீடுகளில் எனாமல் பூசிய தகரக் குவளையும் தட்டும் தனியாக இருக்கும், மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல். அந்தக் குடும்பத்தின் அத்தனை சாப்பாட்டையும் சமைத்தது அதே கைதான். அவருடைய உண்மையான பெயர் உங்களுக்குத் தெரியுமா? நோசிஸ்வே என்றோ தாண்டெகா என்றோ அவர் அம்மா வைத்த பெயர் வாயில் நுழையவில்லை என்று மேரி என்றோ பியூட்டி என்றோ ஒன்றை வைத்துக் கூப்பிட்டார்கள். அவர் தூக்கி வளர்த்த பையனை, அவன் கொஞ்சம் வளர்ந்ததும், அவரே சின்ன எஜமான் என்று கூப்பிட வேண்டியிருந்தது.

பீட்டர் மகுபானே என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் 1956-ல் ஜோகன்னஸ்பர்கில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. 'ஐரோப்பியர்களுக்கு மட்டும்' என்று எழுதிய பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பினப் பெண் பெஞ்சின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டி அந்தக் குழந்தையைத் தொடுகிறார். அந்தப் பெண்ணின் எஜமானி நல்லவராகவே இருந்திருக்கட்டும். அந்தப் பெஞ்சில் என்ன மாற்றம் வந்துவிடும்? அவருடைய பாஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் தங்கமான மனுஷியாக இருந்தாலும், ஒரு மாதம் போட மறந்துவிட்டால் லாக்கப்புக்குப் போவது யார்? நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்து ஒருவருடைய வாழ்க்கை இருக்கிறது என்பதே அநியாயம், அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

இங்கே வேறொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் அம்மாவும் வீட்டு வேலை செய்தவர்தான். சிறுவனாக இருந்தபோது அம்மாவோடு நின்றிருந்தாராம், அந்த வழியே போன ட்ரெவர் ஹடில்ஸ்டன் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் அம்மாவைப் பார்த்துத் தன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னாராம். ஒரு வெள்ளைக்காரர் ஒரு கறுப்பின வேலைக்காரப் பெண்மணிக்கு மரியாதை செய்வதை அந்தப் பையன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதை டூட்டு வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார். தொப்பியைக் கழற்றியதையே இவ்வளவு காலம் ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருந்தது என்றால் மற்ற நாட்கள் எப்படிப் போயிருக்கும்?

பாலியல் தொல்லை பற்றி ஏன் பதிவுகள் குறைவு?

வாய் திறந்தால் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் ஜெயில். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே உறவு கூடாது என்ற ஒழுக்கக்கேட்டுச் சட்டம் 1927-லேயே வந்துவிட்டது, 1950-ல் எல்லா நிறத்தவருக்கும் விரித்தார்கள், 1985-ல்தான் நீக்கினார்கள். வீட்டு எஜமானோ அவர் மகனோ பலவந்தம் செய்தால், புகார் கொடுக்கப் போன பெண்ணையே அந்தச் சட்டத்தில் குற்றவாளியாக்க முடியும். அறைக்கதவின் சாவி வீட்டுக்காரரிடம், பாஸ் புத்தகத்தின் கையெழுத்தும் வீட்டுக்காரரிடம்.

இவர்கள் எதிர்த்துப் போராடவே இல்லையா?

போராடினார்கள், அதுவும் மிக முன்பே. 1913-ல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டின் ப்ளூம்ஃபொன்டெயின் நகரத்தில் பெண்கள், அங்கே அப்போதே தங்களுக்கு இருந்த உள்ளூர் பாஸை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஊர்வலம் போய், பாஸைக் கிழித்து எறிந்து, அபராதம் கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனார்கள். பாஸ் விதி தங்களையும் தங்கள் பெண் பிள்ளைகளையும் வெள்ளையர் சமையலறைக்குள் தள்ளுகிறது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே 1913-ல்தான் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் பகுதியிலிருந்து புறப்பட்ட இந்தியப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லை தாண்டி நேட்டாலுக்குப் போய் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலை நிறுத்தத்துக்குக் கிளப்பிச் சிறை போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை இறந்தது அந்தப் போராட்டத்தில் சிறை போய் வந்து, 1914 பிப்ரவரியில். இரண்டு போராட்டமும் கைகோத்து நடந்தன என்று சொல்ல வரவில்லை, தனித்தனியாகத்தான் நடந்தன. ஆனால் வள்ளியம்மையைத் தெரிந்த நமக்கு ப்ளூம்ஃபொன்டெயின் பெண்களைத் தெரியாமல் போனது வருத்தமான விஷயம்.

அப்புறம் 1956 ஆகஸ்ட் 9. பெண்களுக்கும் பாஸ் என்றதை எதிர்த்து நாடு முழுவதிலிருந்தும் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமைச் செயலகமான யூனியன் கட்டடத்துக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர்கள் லிலியன் நகோயி, ஹெலன் ஜோசஃப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ், அதாவது ஒரு கறுப்பினப் பெண், ஒரு வெள்ளைக்காரர், ஓர் இந்திய வம்சாவளிப் பெண், ஒரு கலப்பினப் பெண். கட்டுக் கட்டாக மனுக்களைப் பிரதமர் ஸ்ட்ரைடம் அறை வாசலில் வைத்துவிட்டு, 30 நிமிடம் வாய் திறக்காமல் நின்றார்கள். பெண்களைத் தொட்டாய், பாறையைத் தொட்டாய் என்ற பாட்டு அன்றைக்கு ஒலித்தது.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாள் என்பதால்தான் வியாழனைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரத்தில் தனக்கென்று இருந்த ஒரே பிற்பகலைத் தூங்கவோ துணி துவைக்கவோ செலவழிக்காமல் பிரிட்டோரியாவுக்குப் போயிருக்கிறார்கள். மற்ற வியாழக்கிழமைகளில் மன்யானோ என்ற தேவாலய மகளிர் சங்கங்கள் கூடும், சீருடை போட்டுக்கொண்டு ஜெபம், பாட்டு, யாருக்குப் பிரசவம், யாருக்குச் சாவுச் செலவு என்று பணம் சேர்ப்பது. தனித்தனிக் கொல்லைப்புறங்களில் கிடந்தவர்களை ஒன்றாகச் சேர்த்த இடம் அது என்பதால் நான் அதைப் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்த வருஷம், 1957 ஜனவரியில், ஜோகன்னஸ்பர்க் அலெக்சாண்ட்ரா பகுதி பஸ் கட்டணத்தை நாலு பென்னியிலிருந்து ஐந்தாக ஏற்றினார்கள். ஒரே ஒரு பென்னிதானே என்று நினைப்போம். அந்தச் சம்பளத்தில் அது பெரிய காசு. அஸிக்வெல்வா, ஏற மாட்டோம் என்று சொல்லி, போக 15 கிலோமீட்டர் அளவு, வர அதே அளவு, மாதக்கணக்கில் நடந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும், துவைத்த துணி மூட்டையைத் தலையில் வைத்த பெண்களும் அந்தக் கூட்டத்தில் நடந்தார்கள். இரக்கப்பட்டுக் காரில் ஏற்றிக்கொண்ட வெள்ளையர்களைப் போலீஸ் வழிமறித்தது.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டில் தனியாக வேலை செய்யும்போது சங்கம் எப்படி வைத்தார்கள்?

சிரமப்பட்டுத்தான். தொழிற்சாலை என்றால் கேட்டில் நின்று நோட்டீஸ் கொடுக்கலாம். இங்கே ஒவ்வொரு கேட்டுக்குப் பின்னாலும் ஒரு நாயும் ஒரு தொழிலாளியும். 1970-களில் டூட்டுவின் மனைவி லியா டூட்டு பொறுப்பில் இருந்த ஒரு திட்டம் வேலையாட்களையும் வேலை கொடுப்பவர்களையும் பேச வைக்கப் பார்த்தது. கேப் டவுனில் வீட்டு வேலை செய்த மர்ட்டில் விட்பாய், எங்களை மட்டும் ஏன் வேறு மாதிரி நடத்துகிறீர்கள் என்று ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், பிறகு வேலை செய்த வீட்டின் கராஜிலேயே கூட்டம் போட்டார். 1986 நவம்பரில், அவசர நிலை அமலில் இருந்தபோது, தென்னாப்பிரிக்க வீட்டுப் பணியாளர் சங்கம் உருவாயிற்று, ஃப்ளாரன்ஸ் டி வில்லியர்ஸ் அதன் பொதுச் செயலாளர். 1996-ல் அது மூடப்பட்டது, சந்தா வசூலிப்பதே பெரும்பாடாக இருக்கும் சங்கம் எத்தனை நாள் தாங்கும். 2000-ல் புதிதாகத் தொடங்கினார்கள். விட்பாய் பின்னாளில் சர்வதேச வீட்டுப் பணியாளர் கூட்டமைப்பின் முதல் தலைவரானார், 2023 ஜனவரியில் காலமானார்.

இந்தியர் வீடுகளில் கறுப்பினப் பெண்கள் வேலை செய்யவில்லையா?

செய்தார்கள். டர்பனில் வசதி வந்த இந்தியக் குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, ஆப்பிரிக்கப் பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டன. நிறவெறிச் சட்டத்தால் தாங்களே அடிபட்டவர்கள், வீடு பறிகொடுத்தவர்கள். அதற்காக எல்லா வீட்டிலும் சமமாக நடத்தினார்கள் என்று ஆகிவிடாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும். ஒடுக்கப்பட்டவர் வீட்டிலும் கொல்லைப்புற அறை இருக்க முடியும்.

நம் ஊரில் வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனி டம்ளர் வைப்பதும் இதுவும் ஒன்றுதானே?

தனி டம்ளரைப் பற்றிப் படித்ததும் நமக்கு நம் வீடு ஞாபகம் வருவது இயல்பு, வரவும் வேண்டும். ஆனால் சாதியையும் நிறவெறியையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுமே சரியாகப் புரியாது. இரண்டு நாட்டு வீட்டு வேலையாட்களையும் நேரடியாக இணைக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2011 ஜூன் 16 அன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டு வேலையும் வேலைதான், மற்ற தொழிலாளர்களுக்குள்ள உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது அது. இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது, உறுதி செய்து கையெழுத்திடவில்லை. தென்னாப்பிரிக்கா 2013-ல் உறுதி செய்தது.

1994-க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

பாஸ் சட்டம் 1986-லேயே போய்விட்டது. வேலை நேரம், லீவு பற்றிய சட்டத்துக்குள் 1994-ல் இவர்களைக் கொண்டுவந்தார்கள். முதல் குறைந்தபட்சக் கூலி 2002 நவம்பரில் வந்தது, நகர்ப்புறத்தில் முழு நேரம் வேலை செய்பவருக்கு மாதம் 800 ராண்டு. 2003-ல் வேலையில்லாக் காலக் காப்பீடு. 2019-ல் நாட்டுக்கெல்லாம் ஒரே குறைந்தபட்சக் கூலி என்று மணிக்கு 20 ராண்டு அறிவித்தபோது, வீட்டு வேலைக்கு மட்டும் 15 என்றார்கள். மற்றவர்களுக்குச் சமமாக ஆனது 2022 மார்ச்சில்தான், அப்போது மணிக்கு 23.19 ராண்டு. எழுத்தில் வந்ததெல்லாம் கையில் வருகிறதா என்பது வேறு விஷயம், மூடிய கேட்டுக்குள் ஆய்வாளர் எளிதில் நுழைய முடியாது. கொல்லைப்புற அறைகள் பல இன்னும் அங்கேயே இருக்கின்றன, பஸ்ஸில் வந்து போகும் தூரமும் பெரிதாகக் குறையவில்லை, ஏனென்றால் நிறவெறி ஆட்சி ஊரைக் கட்டிய விதம் அப்படியே இருக்கிறது.

நீதிமன்றம் இவர்கள் பக்கம் எப்போதாவது நின்றதா?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். மரியா மஹ்லாங்கு, பிரிட்டோரியாவில் ஒரே குடும்பத்திடம் 22 வருஷம் வேலை செய்தவர். கண்பார்வை மங்கியவர். 2012 மார்ச் 31 அன்று வேலை செய்துகொண்டிருந்தபோது அந்த வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து மூழ்கி இறந்துபோனார். அவரை நம்பி இருந்த மகள் நஷ்டஈடு கேட்டபோது கிடைக்காது என்றார்கள். வேலையில் விபத்து நடந்தால் நஷ்டஈடு தரும் சட்டம் வீட்டு வேலை செய்பவரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்தே விலக்கியிருந்தது. 1941-ல் போட்ட அந்தப் பழைய விலக்கு, 1993-ல் எழுதிய புதிய சட்டத்துக்குள்ளும் அப்படியே நகல் ஆகி, ஆட்சி மாறி 18 வருஷம் ஆன பிறகும் நின்றிருந்தது.

வீட்டுப் பணியாளர் சங்கம் துணை நிற்க, மகள் வழக்குப் போட்டார். 2020 நவம்பர் 19 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், அவர்களை விலக்குவது நிறத்தின் பேரிலும் பெண் என்பதன் பேரிலும் ஏழை என்பதன் பேரிலும் ஒரே நேரத்தில் செய்யும் பாகுபாடு என்று தீர்ப்பு சொன்னது. அதோடு, தீர்ப்பு பின்தேதியிட்டுச் செல்லும் என்றது, அதாவது பழைய விபத்துகளுக்கும் இப்போது நஷ்டஈடு கேட்கலாம். எந்தத் தேதியிலிருந்து? இடைக்கால அரசியல் சாசனம் அமலுக்கு வந்த 1994 ஏப்ரல் 27-லிருந்து. அதற்கு ஒரு நாள் முன்னால் ஏணியிலிருந்து விழுந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.